டையை விட்டு நரைக்கு மாறுவது: நீளமயிர்க்காரர் என்ன செய்யலாம்?

(தேதிக்குப் பக்கத்தில் இருப்பது எழுதினவரின் ஊர்.)

21.04.2024 – உப்புவெளி

பல வருசமாய்க் கறுப்பு டை. இனி வேண்டாம் என்று முடிவெடுத்தாச்சு. மயிர் இடுப்பு வரை. பார்லரில் கேட்டால், பிளீச் பண்ணி ஒரே நாளில் முழுக்க வெள்ளி நிறமாக்கித் தரலாம் என்கிறார்கள். சொந்தக்காரரோ டையை நிறுத்தினால் மயிர் கொத்துக் கொத்தாய்க் கொட்டும் என்கிறார்கள். எது உண்மை? கட்டையாய் வெட்டாமல் வழி இருக்கா?

21.04.2024 – உவர்மலை

பார்லர் யோசனையைத் தள்ளி வையுங்கோ அக்கா. மயிர் மாதத்துக்கு 1 முதல் 1.25 சென்ரிமீற்றர்தான் வளரும். உங்கள் மயிர் 60 சென்ரிமீற்றர் என்று வைத்தால் நுனிக்கு வயது நாலு வருசத்துக்குக் குறையாது. ஒவ்வொரு மாதமும் டையை வேரிலிருந்து நுனி வரை இழுத்துப் பூசியிருந்தால் அந்த நுனியில் நாற்பது பூச்சுக்கு மேல் ஏறியிருக்கும். பிளீச் போட்டால் அந்தக் கறுப்பு நேரே வெள்ளையாகாது. முதலில் கடும் சிவப்பு, பிறகு செம்மஞ்சள், பிறகு மஞ்சள், கடைசியில்தான் வெளிர்மஞ்சள். அந்த வெளிர்மஞ்சளுக்கு வந்தால்தான் வெள்ளி நிறம் ஏறும். ஒரே நாளில் அவ்வளவு தூரம் இழுத்தால் நனைந்த மயிர் ரப்பர் மாதிரி நீண்டு அறும்.

கொட்டும் என்ற பேச்சில் உண்மை இல்லை. டை வேலை செய்வது தோலுக்கு வெளியே நிற்கும் மயிரில். அதை நிறுத்துவதால் வேருக்கு ஒன்றும் ஆகாது. நாளுக்கு 50 முதல் 100 மயிர் உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். பயமாய் இருந்தால் உதிர்ந்த மயிர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கோ. ஒரு முனையில் வெள்ளையாய்ச் சின்னக் குமிழ் இருந்தால் அது தன் காலம் முடிந்து விழுந்த மயிர். இரண்டு முனையிலும் குமிழ் இல்லாமல் கட்டையாய் இருந்தால் நடுவில் முறிந்தது. மாறும் காலத்தில் கவனிக்க வேண்டியது முறிவைத்தான். புது நரையும் பழைய டையும் சந்திக்கிற கோட்டுக்குக் கீழே மயிர் பலவீனமாய் இருக்கும், சீப்பும் அங்கேதான் சிக்கும். அகலப்பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேல் நோக்கிச் சிக்கெடுங்கோ.

மிச்சம் எல்லாம் எந்த வகை டை என்பதைப் பொறுத்தது. பெட்டியில் இரண்டு ரியூப்பாக வருவதா, தண்ணியில் கரைக்கும் பைக்கற்றுத் தூளா, மருதோன்றியா, தடவத் தடவக் கறுக்கிற தண்ணி மருந்தா?

21.04.2024 – உப்புவெளி

முதலில் பைக்கற்றுத் தூள். கறுப்பு மருதோன்றி என்று போட்டிருக்கும். பிறகு பெட்டி டை. இடையில் மருதோன்றியும் அவுரியும்.

22.04.2024 – உவர்மலை

அப்படியென்றால் பிளீச் இன்னும் ஆகாது. ஒவ்வொன்றும் மயிரில் இருக்கிற விதம் வேறு.

பெட்டி டையில் அமோனியா மயிரின் செதிளைத் திறக்கும். ஐதரசன் பெரொக்சைட் உள்ளே போய் இயற்கை நிறத்தைக் கொஞ்சம் வெளுக்கும், கூடவே பிபிடி (பாரா-பினைலீன்டையமின்) போன்ற சின்ன மூலக்கூறுகளை உள்ளுக்குள்ளேயே பெரிய நிறத்துகளாகக் கட்டும். பெரிதானதால் அது வெளியே வராது. மங்கும், முற்றாய்ப் போகாது.

பைக்கற்றுத் தூளில் மருதோன்றி என்ற பெயர் இருந்தாலும் கறுப்பாக்குவது பெரும்பாலும் அதே பிபிடிதான். சுத்த மருதோன்றி செம்மஞ்சள் நிறம்தான் தரும், தனியாகக் கறுப்புத் தராது. பைக்கற்றின் பின்புறம் சின்ன எழுத்தில் பினைலீன்டையமின் என்று முடிகிற பெயர் இருக்கிறதா என்று பாருங்கோ. சில தூள்களில் பேரியம் பெரொக்சைட் போன்ற ஒட்சியேற்றியும் கலந்திருக்கும், அதனால்தான் தண்ணி மட்டும் விட்டாலே கறுக்கிறது.

சுத்த மருதோன்றியின் நிறப்பொருள் லோசோன். அது மயிரின் புரதத்தோடு பிணைந்துவிடும், கழுவிக் கழற்ற முடியாது. அவுரி ஏறிய மயிரில் பிளீச் போட்டால் பச்சை தட்டும்.

தடவத் தடவக் கறுக்கிற தண்ணி மருந்துதான் ஆபத்தான கூட்டாளி. அதில் உலோக உப்பு இருக்கும், பெரொக்சைட் பட்டால் சூடேறிப் புகையலாம்.

பார்லருக்குப் போய்த்தான் தீருவேன் என்கிறவர்கள் முதலில் இதைச் செய்யுங்கோ. பின்புறமிருந்து இருபது முப்பது மயிரை வெட்டி நூலால் கட்டுங்கோ. கண்ணாடிக் கோப்பையில் 6 சதவீத பெரொக்சைட் 30 மில்லிலீற்றரும் 28 சதவீத அமோனியா 20 சொட்டும் விட்டு, அந்தக் கட்டை 30 நிமிடம் ஊறவிடுங்கோ. கையுறை வேணும், வெளிக்காற்றில் வைக்க வேணும், உலோகப் பாத்திரம் கூடாது. மெல்ல மெல்லக் கொஞ்சம் வெளுத்தால் சாதாரண டை. போட்ட உடனே சட்டென்று வெளுத்தாலோ, ஒன்றுமே மாறாவிட்டாலோ உலோக உப்பு என்றே எடுங்கோ. கொதித்தால், சூடானால், நாறினால், மயிர் இழுக்க அறுந்தால் உலோக உப்பு உள்ளே இருக்குது. பிளீச் பக்கமே போகாதீர்கள்.

25.04.2024 – மூதூர்

அப்ப வழி, பேசாமல் வளர விடுவதுதானே? நாலு வருசத்தில் தானாய் முழுக்க வெள்ளையாகும்.

26.04.2024 – உவர்மலை

வளர விட்டால் மட்டும் ஆகாது தம்பி. கறுப்பு நுனி கீழே இறங்கிக்கொண்டே போகும், மயிரை விட்டுப் போகாது. வெட்டுகிற வேகம்தான் கணக்கு. தோள்வரை 30 சென்ரிமீற்றர் மயிரை எடுங்கோ. மாதம் 1.25 வளர்ந்து அதே 1.25 வெட்டினால் நீளம் 30 ஆகவே நிற்கும், 24 மாதத்தில் முழுக்க நரை. மாதம் 2.5 வெட்டினால் 12 மாதத்தில் கறுப்பு முடியும், ஆனால் நீளம் 15 ஆகச் சுருங்கியிருக்கும். இடுப்பு வரை உள்ளவர்கள் நீளத்தை விடமாட்டேன் என்றால் 48 மாதம். நடுவழி, முதலில் தோளுக்கு ஒரு வெட்டு, பிறகு எட்டுக் கிழமைக்கு ஒருதடவை 2.5 சென்ரிமீற்றர். என் அபிப்பிராயம் இதுதான்: பின்னலின் கீழ்ப்பாதி எப்படியும் மெலிந்துதான் இருக்கும், அதை விட்டுக்கொடுத்தால் பாதிக் காலம் மிச்சம்.

மாதம் 1.25 என்பது நல்ல வளர்ச்சி. ஐம்பது அறுபதைத் தாண்டியவர்களுக்கு 1 சென்ரிமீற்றரை வைத்தே கணக்குப் பாருங்கோ.

28.04.2024 – உப்புவெளி

தோளுக்கு வெட்டச் சம்மதம். முதல் ஆறு மாதம் அந்தக் கோட்டை எப்படி மறைக்கிறது? நடுவகிடு எடுத்தால் வெள்ளைப் பாதை போட்டமாதிரித் தெரியுது.

28.04.2024 – உவர்மலை

நடுவகிட்டை விடுங்கோ. வகிட்டை வாற்சீப்பால் நேரே இழுக்காமல் வளைத்து வளைத்து எடுங்கோ, அல்லது வகிடே இல்லாமல் பின்னுக்கு வாரிக் கொண்டை போடுங்கோ. கோடு முதலில் உறைப்பாய்த் தெரிவது நெற்றியோரமும் காதுக்கு முன்னும்தான்.

இதைவிட ஒரு நல்ல வழி இருக்குது. கறுப்பை வெளுப்பதற்குப் பதிலாக, புதிதாய் வந்த வெள்ளைக்குள் மெல்லிய இழைகளாக இருட்டுச் சேர்ப்பது. அமோனியா இல்லாத அரைநிரந்தர நிறத்தை, உங்கள் டையை விட ஒரு படி இளகிய பழுப்பில், அங்கொன்று இங்கொன்றாக ஊசி அகல இழைகளில் மட்டும் பூச வேணும். கோடு சிதறிப்போகும். அது இருபது இருபத்தைந்து முழுக்கில் மங்கிவிடும். மங்கியபின் முந்தின தடவையை விடக் குறைந்த இழைகளில் பூசி, மூன்றாம் நாலாம் தடவையோடு நிறுத்திவிடலாம். பழைய நுனியில் பட விடாதீர்கள், அங்கே பிடித்துக்கொண்டு போகாது.

வேருக்குத் தூவும் மறைப்புத் தூள் கலியாணவீட்டு ஒரு மணித்தியாலத்துக்குச் சரி. நம்மூர் வெக்கையில் வியர்வையோடு இறங்கிச் சட்டைக் கழுத்தில் படியும்.

19.05.2024 – கிண்ணியா

எனக்கு டை போட்ட மறுநாள் இமை வீங்கி, காதோரம் நீர் வடியுது. அந்த இழைமுறை எனக்குச் சரிவருமா?

19.05.2024 – உவர்மலை

உங்களுக்குக் கூடவே கூடாது. மேலே எழுதினதற்கு இதை முக்கியமான திருத்தமாக எடுங்கோ: அமோனியா இல்லை என்றால் பிபிடி இல்லை என்று அர்த்தமில்லை. அரைநிரந்தர நிறங்களிலும் பிபிடியோ அதன் உறவான டொலுயீன்-2,5-டையமினோ இருக்கும். ஒன்றுக்கு ஒவ்வாமை வந்தவர்களில் பலருக்கு மற்றதும் ஒத்துவராது. உடம்பு ஒருதடவை அதைப் பகையாய் எடுத்துக்கொண்டால் அது ஆயுளுக்கும் நிற்கும், அடுத்த தடவை இன்னும் கடுமையாய் வரலாம். பென்சோகெயின் கலந்த வலிக்களிம்பு, சில துணிச்சாயங்கள் எல்லாம்கூட அதே எதிர்வினையைக் கிளப்பலாம். எந்த டொக்டரிடம் போனாலும் இதை முதலில் சொல்லுங்கோ. கையில் கீறும் கறுப்பு மருதோன்றிக் கோலமும் வேண்டாம். அதில் பிபிடி அதிகமாகவே இருக்கக்கூடும். மூச்சுத் திணறினாலோ நாக்கு, தொண்டை வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

உங்களுக்குள்ள வழி வெட்டும் தலைத்துணியும்தான். தலையை மூடுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி, கோடு வெளியே தெரியாது. உள்ளே பருத்தித் தொப்பி போடுங்கோ. வழுக்கும் செயற்கைத் துணியில் வியர்வை தங்கி, புண்ணான தோலை இன்னும் அரிக்கும்.

20.05.2024 – மூதூர்

டை புற்றுநோய் தரும் என்கிறார்களே, அதுவும் ஒரு காரணமா?

20.05.2024 – உவர்மலை

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2010இல் வெளியிட்ட தொகுதியில், டையோடு தொழில் செய்யும் சிகையலங்காரக்காரர்களின் வெளிப்பாட்டை 'அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது' என்ற 2ஏ வகுப்பில் வைத்தது. தனக்குத் தானே போடுகிறவர்களின் பாவனையை 'வகைப்படுத்த முடியாதது' என்ற 3ஆம் வகுப்பில் வைத்தது. ஆகவே வீட்டில் போட்டவர்கள் அந்தப் பயத்தில் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம். சலூனில் நாள் முழுக்கக் கலக்குகிற பிள்ளைகளுக்குக் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம் வேணும்.

16.06.2024 – தம்பலகாமம்

எனக்கு வயது 22. நரை கண்டபடி வருது. நானும் விட்டுவிடவா? ஒன்றைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்கிறார்கள்.

16.06.2024 – உவர்மலை

பிடுங்கினால் அந்த ஒரு குழியில் அந்த ஒன்றுதான் திரும்ப வரும். ஆனால் பிடுங்கிப் பிடுங்கியே குழி கெட்டு அதுவும் வராமல் போகலாம், விடுங்கோ. நம்மவர்களுக்கு 25க்கு முந்தி வந்தால் இளநரை என்று கணக்கு. பெரும்பாலும் பரம்பரை. ஆனாலும் விற்றமின் பி12, தைரொயிட், இரும்பு மூன்றையும் இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கோ, மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் என்றால் பி12ஐ முதலில். பி12 குறைவால் வந்த நரை, குறையைத் தீர்த்தபின் சிலருக்குக் கறுத்திருக்கிறது. புகைப்பவர் என்றால் அதையும் விடுங்கோ.

07.07.2024 – உப்புவெளி

வேரிலிருந்து மூன்று விரல் அகலம் வந்துவிட்டது. ஆனால் வெள்ளை வெள்ளையாய் இல்லை. ஒரே பழுப்பு மஞ்சள். தென்மேல் கச்சான் காற்றில் வைக்கோல் மாதிரி நிற்குது.

07.07.2024 – உவர்மலை

இது தண்ணியும் வெயிலும் செய்கிற வேலை. கறுப்பு மயிரிலும் இது நடக்கும், நிறம் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. நரைமயிரில் நிறமணி இல்லை, அதனால் வெளியிலிருந்து எது படிந்தாலும் அப்படியே காட்டும்.

முதலில் உங்கள் வாளியைப் பாருங்கோ. உள்விளிம்பில் காவி வளையம் இருந்தால் கிணற்றில் இரும்பு. கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்கு இருந்தால் கல்சியம், அதாவது வன்னீர். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணற்கிணறுகளில் கச்சான் காலத்தில் தண்ணி இறங்க இறங்கச் சவரும் ஏறும். இரும்பும் செம்பும் மயிரில் தங்கி மஞ்சளாக்கும். அதன்மேல் வெயிலின் புறஊதாக் கதிர் மயிர்ப் புரதத்தைச் சிதைத்து இன்னொரு மஞ்சளைச் சேர்க்கும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் உலோகத்தை எடுக்க வேணும். ஈடிடிஏ என்ற பெயர் பொருள்பட்டியலின் முன்பாதியிலேயே வருகிற ஷாம்பூ ஒன்று வாங்குங்கோ. இரண்டு கிழமைக்கு ஒருதடவை, நுரைத்த பின் 3 முதல் 5 நிமிடம் விட்டு அலசி, கட்டாயம் கொண்டிஷனர். நடுவில் வருகிற கிழமையில் ஒரு லீற்றர் நல்ல தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து கடைசியாய் ஊற்றி, ஒரு நிமிடத்தில் அலசுங்கோ. செதிள் படிந்து வைக்கோல்தன்மை குறையும்.

தேசிக்காயைச் சிலர் நேரே தலையில் பிழிகிறார்கள். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுப்புத் தழும்பு விழும், நெற்றியில் மாதக்கணக்கில் நிற்கும். பிழிவதென்றால் பொழுதுபட்ட பிறகு, தண்ணியில் கலந்து.

09.07.2024 – மூதூர்

கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழிலும் முழுகினால் டை இறங்கும் என்று ஒரு அம்மா சொன்னா.

09.07.2024 – உவர்மலை

முழுகுங்கோ, உடம்புக்குச் சுகம். மயிருக்குள் கட்டின டை வெந்நீரில் வராது. மேற்பூச்சு நிறம்தான் கொஞ்சம் மங்கும்.

28.07.2024 – உவர்மலை

ஆடி அமாவாசைக்குக் கடலில் முழுகப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. போகமுன் வீட்டிலேயே மயிரை நல்ல தண்ணியில் நனைத்து, நுனிக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் தடவுங்கோ. மயிர் ஏற்கெனவே தண்ணி குடித்திருந்தால் உப்புத்தண்ணி குறைவாய் ஏறும். கரைக்கு வந்ததும் காயவிடாமல் அலசுங்கோ. உப்போடு வெயிலில் காய்ந்தால்தான் நுனி முறியும்.

எண்ணெய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேங்காயெண்ணெய் மயிருக்குள் போய்ப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் வந்த ஆய்வே இருக்குது. லோரிக் அமிலத்தின் சின்ன, நேரான மூலக்கூறுதான் காரணம். ஆனால் நரைக்கு வெள்ளையான, வறுவாசனை இல்லாத எண்ணெயாய் எடுங்கோ. கரிசலாங்கண்ணி காய்ச்சின பச்சை எண்ணெய், கடுகெண்ணெய், செவ்வரத்தம்பூ எண்ணெய் எல்லாம் வெள்ளையில் சாயம் விடும். முழுக்குக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வைத்துக் கழுவினால் போதும். எண்ணெயோடு வெயிலில் திரிந்தால் மஞ்சள் கூடும். சாம்பிராணிப் புகையையும் ஈரத்தலையில் பிடிக்காதீர்கள்.

18.08.2024 – உப்புவெளி

இரும்பு எடுக்கும் ஷாம்பூவில் பாதி மஞ்சள் போய்விட்டது. மிச்சத்துக்கு ஊதா ஷாம்பூ என்கிறார்கள். துணிக்குப் போடும் நீலம் வீட்டில் கிடக்குது, அது போதாதா?

18.08.2024 – உவர்மலை

நீலம் வேண்டாம். மஞ்சளை அடக்குவது ஊதா. நீலம் மஞ்சளோடு சேர்ந்தால் பச்சை தட்டும், தலைத்தோலுக்கென்று செய்த பொருளும் அல்ல.

ஊதா ஷாம்பூவையும் நேரே ஊற்றாதீர்கள். முதல்தடவை ஒரு பங்கு ஊதாவுக்கு மூன்று பங்கு சாதாரண ஷாம்பூ, நன்றாய் நனைந்த மயிரில், இரண்டே நிமிடம். காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் பாருங்கோ. போதாவிட்டால் அடுத்த கிழமை ஒரு நிமிடம் கூட்டுங்கோ. காதோரத்து வெள்ளை மெல்லியது, முதலில் ஊதா பிடிப்பது அங்கேதான். அந்த இடத்துக்குக் கடைசியில் போடுங்கோ. ஊதா கூடிப்போனால் சாதாரண ஷாம்பூவில் இரண்டு முழுக்கு, அடங்கிவிடும். இரும்பு இருக்கும்போது ஊதா போட்டால் அழுக்குச் சாம்பல் நிறம்தான் வரும், அதனால்தான் உலோகத்தை முதலில் எடுக்கச் சொன்னேன்.

22.09.2024 – பாலையூற்று

வகிட்டில் குங்குமம் வைத்தால் நரை இளஞ்சிவப்பாகுது. கோயிலில் மஞ்சள்தண்ணி பட்டாலும் கறை.

22.09.2024 – உவர்மலை

மஞ்சளின் நிறம் தண்ணியில் கரையாது, எண்ணெயில் கரையும். கறைபட்ட இடத்தில் தேங்காயெண்ணெய் வைத்து 20 நிமிடம் விட்டு ஷாம்பூ போடுங்கோ. மிச்சத்தை வெயிலே எடுத்துவிடும், மஞ்சள் ஒளியில் சிதைவது. செயற்கைச் சாயம் கலந்த குங்குமம்தான் இளஞ்சிவப்பாய் நிற்கும். ஈரப்பஞ்சில் ஒரு சிட்டிகை வைத்துப் பாருங்கோ, தண்ணி பளீரென்று சிவந்து ஓடினால் அது சாயம். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் செய்ததை வாங்குங்கோ. வகிட்டுத் தோலில் முதலில் ஒரு பொட்டு வசலின் தேய்த்து அதன்மேல் வைத்தால் மயிருக்குப் பரவாது.

13.10.2024 – மூதூர்

ஆம்பிளைகளுக்கு?

13.10.2024 – உவர்மலை

தலைக்கு 5 சென்ரிமீற்றர் என்றால் நாலைந்து மாதம், ஒவ்வொரு சலூன் வெட்டிலும் ஒரு பங்கு போய்விடும். மீசையை ஒருதடவை கட்டையாக வெட்டினால் ஒன்றரை மாதத்தில் சரி. மீசையில் மட்டும் டை தொடர்வதைப் பலர் செய்கிறார்கள். உதடும் மூக்குத் துவாரமும் கிட்ட இருக்கிற இடம், வீக்கமும் அங்கே கூட. முதலில் விட வேண்டியதே மீசைதான்.

24.11.2024 – உவர்மலை

வாடை தொடங்கி மழை விழுகிறது. கூரைத் தண்ணியின் முதல் கால்மணித்தியாலத்தை ஓடவிட்டு, பிறகு ஒரு பீப்பாவில் பிடியுங்கோ. மழைத்தண்ணியில் இரும்பும் கல்சியமும் இல்லாதபடியால் கடைசி அலசலுக்கு இரண்டு லீற்றர் போதும், வினாகிரியும் தேவையில்லை. தகரக் கூரை கறள் பிடித்திருந்தால் பிடிக்காதீர்கள், அது திரும்ப இரும்புதான். பீப்பாவை இறுக மூடுங்கோ, டெங்கு நுளம்பு பெருகும்.

12.01.2025 – உப்புவெளி

நிறத்தை நீக்குகிற மருந்து என்று கந்தக மணத்தோடு ஒன்று வருகிறதாம். பிளீச் இல்லையாம். நுனிக்குப் போடலாமா?

12.01.2025 – உவர்மலை

முதல்நாள் இதை எழுதவில்லை, இப்போது எழுதலாம். அது உள்ளே கட்டின பெரிய நிறத்துகளைத் திரும்பச் சின்னதாக்கி வெளியேற விடும். நரைக்கு மேல் பெட்டி டை மட்டும் போட்டவர்களுக்கு நல்ல பலன், ஏனென்றால் கீழே வெளுப்பதற்கு இயற்கைக் கறுப்பே இல்லை. வெளிர்மஞ்சள் வரை இறங்கும். கறுப்பாய் இருந்த மயிருக்கு டை போட்டிருந்தால் பெரொக்சைட் வெளுத்த செம்மஞ்சள்தான் தெரியும். மருதோன்றிக்கும் அவுரிக்கும் ஒன்றும் செய்யாது. உங்கள் நுனியில் மூன்றும் கலந்து கிடக்கிறபடியால் திட்டுத் திட்டாய்ப் போகும். வேண்டாம்.

போடக்கூடியவர்கள் அலசலை மட்டும் குறைக்காதீர்கள். பத்து நிமிடம் ஓடும் தண்ணியில், பிறகு இரண்டு ஷாம்பூ. சின்னத்துகள் உள்ளே மிஞ்சினால் காற்றுப் பட்டுத் திரும்பக் கட்டும், இரண்டு நாளில் மயிர் மறுபடி கறுக்கும்.

02.02.2025 – பாலையூற்று

எனது கட்டைமயிர். நுனியில் மூன்று நாலு சென்ரிமீற்றர் கறுப்பு மட்டும் மிச்சம். வீட்டிலேயே வெட்டலாமா?

02.02.2025 – உவர்மலை

தாராளமாய். முழுகிக் காயவைத்து, எண்ணெய் இல்லாமல், பகலில் யன்னலோரம் இருந்து வெட்டுங்கோ. நனைந்த மயிரில் நரை இருட்டாய்த் தெரியும், கோடு பிடிபடாது. இரண்டு விரல் அகலக் கற்றையாய் எடுத்துக் கோட்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் மேலே பிடியுங்கோ. கோடு எல்லா மயிரிலும் ஒரே மட்டத்தில் இராது, கொஞ்சம் மேலேயும் கறுப்பு கலந்து நிற்கும், கோட்டிலேயே வெட்டினால் நுனி அழுக்காய்த் தெரியும். பின்தலைக்கு இன்னொருவர் வேணும், தனிய வெட்டினால் சரிந்துவிடும். துணி வெட்டின கத்தரிக்கோல் வேண்டாம், மொட்டை அலகு நுனியைப் பிளக்கும்.